ஆனியன் ரிங்ஸ்: மாவு கழன்று வந்த தொல்லை தீர்ந்தது

வீட்டில் ஆனியன் ரிங்ஸ் போட்டால் எண்ணெயிலிருந்து எடுக்கும்போது பொன்னிறமாகத்தான் இருக்கும். கடித்தால் வெங்காயம் மட்டும் முழுசாக உருவிக்கொண்டு வரும், மாவுக் கூடு தனியாகக் கையில் நிற்கும். கொஞ்ச நேரத்தில் அதுவும் நமத்துப் போகும்.

முதலில் மாவைத்தான் சந்தேகப்பட்டேன். பஜ்ஜிக்குப் போடுவதுபோல் அரிசி மாவைக் கூட்டினேன்; கூடு கெட்டியானது, ஒட்டவில்லை. சமையல் சோடா போட்டதில் எண்ணெய் குடித்ததுதான் மிச்சம். தீயைக் கூட்டினால் வெளியே கருகி, உள்ளே பச்சை வாடை.

விஷயம் வெங்காயத்திலேயே இருந்தது. பெல்லாரி வெங்காயத்தை அரை அங்குல வளையமாக நறுக்கிப் பிரித்தால், ஒவ்வொன்றின் உட்புறமும் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு மெல்லிய சவ்வு தெரியும். அந்த வழுவழுப்பில் மாவு பிடிக்காது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி இழுத்தால் உரிந்து வரும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

உரித்ததும் துணியில் ஈரம் ஒற்றி, உலர்ந்த மைதாவில் புரட்டி உதறினேன். அப்புறம்தான் கரைசல்: மைதா 3 பங்கு, கார்ன்ஃப்ளோர் 1 பங்கு, உப்பு, மிளகாய்த்தூள், ஜில்லென்ற சோடா (குடிக்கும் சோடா). உப்பை நேராக வெங்காயத்தில் போட்டால் தண்ணீர் விட்டுவிடும். எண்ணெய் 180 டிகிரி. ஒரு சொட்டு மாவு விட்டால் அடியில் தங்காமல் மேலே வர வேண்டும்.

எடுத்ததைத் தாளில் குவிக்காமல் கம்பித் தட்டில் பரப்பினேன். தாளில் அடியில் சிக்கும் ஆவிதான் நமக்க வைக்கிறது. நடுவில் வரும் குட்டி வளையங்களில் சவ்வு உரிப்பது வெட்டி வேலை. அவை சாம்பாருக்குப் போய்விட்டன.