வாடகை வீட்டைக் காலி செய்கிறீர்களா? அட்வான்ஸில் கை வைக்க இடம் கொடுக்காமல் சுத்தம் செய்யும் முறை

சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் ஓனர் கண் போகும் இடங்கள் பெரும்பாலும் மூன்று: பாத்ரூம் டைல்ஸ், அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவர், ஆணி அடித்த இடங்கள். பிடித்தம் பற்றிய பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும். அதனால் வீடு முழுக்க ஒரே மாதிரி தேய்த்து அலுத்துப்போக வேண்டாம், உழைப்பை இந்த மூன்றிலும் கொட்டுங்கள். சென்னையில் போர்வெல் தண்ணீர் புழங்கும் ஃபிளாட்டை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

1. அக்ரிமென்ட்டைப் படியுங்கள்

பெயின்டிங் செலவு யாருடையது என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், கழிவுநீர் அடைப்பு, ஸ்விட்ச், உடைந்த ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. சொட்டும் குழாய்க்கு இப்போதே வாஷர் மாற்றிவிடுங்கள். சின்னச் செலவுதான், ஆனால் கணக்குப் பார்க்கும்போது அதுதான் முதலில் கண்ணில் படும்.

2. பாத்ரூம் உப்புக்கறை: மூன்று நாள் முன்பே

டைல்ஸில் வெள்ளையாகப் படிந்திருப்பது தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள். சோப்புக்கு அது அசையாது, புளிப்புக்குத்தான் கரையும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று மேஜைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் (சிட்ரிக் ஆசிட்) கரைத்துக்கொள்ளுங்கள், வெள்ளை வினிகரும் சரி. டைல்ஸ் மேல் தெளித்துக் கால் மணி நேரம் ஊறவிட்டு நைலான் பிரஷால் தேயுங்கள். கரைசல் வேலை செய்யும்போது கறையின் மேல் பொடிப்பொடியாக நுரை கிளம்பும். நுரை அடங்கியும் கறை மிச்சமிருந்தால் இன்னொரு முறை தெளியுங்கள். ஒரே நாளில் தேய்த்து எடுத்துவிடப் பார்த்தால் கைதான் வலிக்கும். பழைய கறைக்கு இரண்டு மூன்று சுற்று வேண்டும், முன்கூட்டியே தொடங்கச் சொல்வது இதற்காகத்தான்.

குழாய்க்கு, கரைசலில் நனைத்த துணியைச் சுற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கழுவினால் போதும். ஷவர் துளைகள் அடைத்திருந்தால் ஒரு பாலிதீன் பையில் வினிகர் ஊற்றி, ஷவர் தலை மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. மார்பிள், மொசைக், கடப்பா கல் மூன்றும் புளிப்புப் பட்டால் பொலிவிழந்துவிடும், அங்கே சோப்புத் தண்ணீர் மட்டும். டாய்லெட் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

தரை ஜாலியைத் தூக்கி, சிக்கியிருக்கும் முடியை எடுத்துவிடுங்கள்.

3. சமையலறை

எண்ணெய்ப் பிசுக்கு சூட்டுக்கு இளகும். பாத்திரம் கழுவும் லிக்விடைச் சுடுதண்ணீரில் கலந்து, அதில் நனைத்த துணியைப் பிசுக்கின் மேல் ஒட்டினாற்போல் சிறிது நேரம் வைத்துவிட்டுத் துடையுங்கள். காய்ந்து கெட்டியான இடத்தில் ஆப்ப சோடாவைக் குழைத்துப் பூசி, பழைய பிளாஸ்டிக் கார்டால் சுரண்டலாம். எக்ஸாஸ்ட் ஃபேனைத் தொடும் முன் ஸ்விட்சை அணைத்தோமா என்று ஒரு முறைக்கு இரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அலமாரிக் கதவின் கைப்பிடி ஓரம், சிலிண்டர் வைத்த இடத்தில் விழுந்த துரு வட்டம் இவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

4. சுவர்

ஈர விரலால் கதவுக்குப் பின்னால் ஓரிடத்தில் தேய்த்துப் பாருங்கள். விரலில் நிறம் ஒட்டினால் அது டிஸ்டெம்பர் அல்லது சுண்ணாம்பு. ஈரத்துணி போட்டால் கறை போகாது, பெயின்ட்தான் போகும். உலர்ந்த துணியால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிறம் ஒட்டவில்லையென்றால் பெரும்பாலும் எமல்ஷன், அதாவது ஈரம் தாங்கும் பெயின்ட். கட்டிலை ஒட்டிய சுவரில் தலை எண்ணெய் பட்ட கறுப்புத் திட்டை லிக்விட் தொட்ட ஸ்பாஞ்சால் மெல்ல ஒற்றி எடுக்கலாம்.

ஆணியைப் பிடுங்கிய துளையில் வால் புட்டியை அழுத்தி, கார்டால் சமன் செய்து, காய்ந்தபின் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள்.

5. சாமான் ஏற்றிய பிறகு

துடைப்பம், மாப், பக்கெட், ஒரு பழைய துணி இவற்றை மட்டும் பேக் செய்யாமல் வெளியே வையுங்கள். முதலில் பரண், பிறகு ஃபேன். பழைய தலையணை உறையை இறக்கை மேல் மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். அடுத்து ஜன்னல் வலை, பால்கனி. தரை கடைசியில், உள்ளறையிலிருந்து வாசல் நோக்கித் துடைத்து வாருங்கள்.

காய்ந்ததும் எல்லா விளக்கையும் போட்டு, ஒவ்வொரு அறையையும் குழாயைத் திறந்து காட்டியபடி வீடியோ எடுங்கள். ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், காலி செய்யும் நாளின் மீட்டர் ரீடிங்கையும் போட்டோ எடுத்து ஓனருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள். ஏதாவது பிடிப்பதாகச் சொன்னால், எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.