வேப்பிலை கட்டுவதற்கு முன்பே பரவும் அம்மை: கர்ப்பிணிகள் செய்ய வேண்டியது

ராமநாதபுரம் கடலோர ஊர்களில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் மாசமாக இருப்பவர்கள் அங்கே போக மாட்டார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் ரூபெல்லா என்ற ஜெர்மன் தட்டம்மைக்கு அது போதாது. தடிப்பு தெரிவதற்கு ஏழு நாள் முன்பிருந்தே இருமல், தும்மலில் கிருமி பரவத் தொடங்கிவிடும். தொற்றியவர்களில் பாதிப்பேர் வரை தடிப்பே வராமல் நடமாடுவார்கள். இலை கட்டும் நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் அந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சி ஒரு வாரம் ஆகியிருக்கும்.

தடிப்பு முகத்தில் இளஞ்சிவப்புப் பொடியாகத் தொடங்கி உடம்புக்கு இறங்கும்; மூன்று நாளில் மறையும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நெறி கட்டும், தடவினால் பட்டாணி போல விரலில் உருளும். பெரியவர்களுக்கு விரல் மூட்டும் முட்டியும் வலிக்கும். பிள்ளைக்கு லேசான காய்ச்சலோடு போய்விடுவதால் வேர்க்குரு என்று விட்டுவிடுகிறார்கள்.

வயிற்றுப் பிள்ளைக்கு அது அப்படி லேசாகப் போவதில்லை. உறுப்புகள் உருவாகும் வாரங்களில் கிருமி நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குள் போய், செல்கள் பெருகுவதைத் தடுக்கும். முதல் 12 வாரத்தில் தாய்க்குத் தொற்றினால் நூற்றில் 85 குழந்தைகள் வரை பாதிக்கப்படலாம். 13 முதல் 16 வாரத்தில் ஏறக்குறைய பாதி. 20 வாரம் தாண்டினால் குறை வருவது அபூர்வம். கரு கலையலாம், குழந்தை இறந்து பிறக்கலாம். பிழைத்தால் கண்புரை, இதயக் குறை, சிறுத்த தலை, காது கேளாமை வரலாம். கண்புரைக்கும் ரூபெல்லாவுக்கும் உள்ள தொடர்பை 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்டு சொன்னார். அதிகம் காணப்படுவது காது கேளாமை. வேறு எந்தக் குறையும் இல்லாமல் அது மட்டும் வருவதும் உண்டு.

தடிப்பு உள்ளவரோடு பழகிவிட்டீர்களா? மூன்று தேதிகளைத் தாய் சேய் நல அட்டையின் ஓரத்தில் எழுதுங்கள்: கடைசியாகத் தூரமான முதல் நாள், அவரோடு இருந்த நாள், அவருக்குத் தடிப்பு வந்த நாள். கிராம சுகாதார செவிலியரிடம் காட்டி, தாமதிக்காமல் ரத்தம் கொடுங்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருந்தால் இரண்டு, மூன்று வாரம் வீணாகும். அதற்குள் பழைய எதிர்ப்புச் சக்தியா புதிய தொற்றா என்று பிரித்தறிவது கடினமாகிவிடும்.

ரிப்போர்ட்டில்தான் பலர் தேவையில்லாமல் கலங்கிப்போகிறார்கள். இரண்டு வரி இருக்கும்: ஐ.ஜி.ஜி. பொதுவாகப் பழைய எதிர்ப்புச் சக்தியைக் காட்டும், ஐ.ஜி.எம். புதிய தொற்றைக் காட்டும். பழகியவுடனே எடுத்த ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ், ஐ.ஜி.எம். நெகட்டிவ் என்றால் நல்ல செய்தி: முன்பே எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. பொதுவாக ஐ.ஜி.ஜி. 10 அலகும் (IU/ml) அதற்கு மேலும் பாதுகாப்பான அளவு. இரண்டும் நெகட்டிவ் என்றால் மூன்று வாரம் கழித்தும், பழகிய நாளிலிருந்து ஆறு வாரத்திலும் மறுபடி பாருங்கள். முதல் ரத்த மாதிரியை எடுத்துவைக்கச் சொன்னால் இரண்டையும் ஒன்றாகச் சோதிக்கலாம். ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்ற ஒற்றை வரியை நம்பிக் கருவைப் பற்றி முடிவெடுக்கவே கூடாது. வேறு காரணங்களாலும் அது பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். தொற்று பழையதா புதியதா என்று காட்டும் ஐ.ஜி.ஜி. அவிடிட்டி சோதனையோடு மகப்பேறு மருத்துவரிடம் பேசுங்கள்.

தொற்றிய பிறகு கருவைக் காக்கும் மருந்து கிடையாது. அதனால்தான் தடுப்பூசிக்கு இத்தனை வற்புறுத்தல். பிள்ளைகளுக்கு எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2017 பிப்ரவரியில் பள்ளிகளில் போட்டபோது மாணவிகளாக இருந்தவர்கள் பலர் இப்போது கல்யாண வயதில் இருக்கிறார்கள். போட்டது நினைவில்லையென்றால் கல்யாணத்துக்கு முன்பே எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி) போட்டு, ஒரு மாதம் கரு தரிக்காமல் இருங்கள். உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி என்பதால் கர்ப்பத்தில் போடுவதில்லை. தெரியாமல் போட்டுவிட்டாலும் அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. பிரசவம் முடிந்ததும் போடலாம், தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை.

தொற்றிய தாய்க்குக் குழந்தை பிறந்தால் கண்மணியில் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பாகத் திரும்பாமல் வெள்ளையாகத் தெரிந்தால் கண்புரையாக இருக்கலாம். எக்கோ என்ற இதய ஸ்கேனும் காது சோதனையும் அவசியம். முதல் காது சோதனை சரியென்றாலும் நிறுத்தாதீர்கள், பின்னாளில் கேட்கும் திறன் குறைவதுண்டு. இந்தக் குழந்தையின் எச்சிலிலும் மூத்திரத்திலும் ஒரு வருடம் வரை கிருமி இருக்கலாம். பிள்ளை பார்க்க வரும் கர்ப்பிணிகள் தங்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருப்பதை உறுதி செய்துகொள்ளாமல் கையில் வாங்க வேண்டாம். துணி மாற்றுபவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.