பல வருடம் கிடந்த மரவேலை இயந்திரம்: சுவிட்ச் போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

30, 40 வருடம் மூலையில் கிடந்த பேண்ட் சாவோ (பட்டை ரம்பம்) பிளேனரோ (இழைக்கும் இயந்திரம்) கைக்கு வந்ததும், இறக்கி வைத்த கையோடு வரும் ஆசை ஒன்றுதான்: “ஓடுதா இல்லையான்னு ஒரே ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே.” பழைய இயந்திரங்களின் வார்ப்பிரும்பு உடம்பு லேசில் கெடாது. மேலே துரு படரும், பெயிண்ட் உரியும், அவ்வளவுதான். அத்தனை வருடம் சும்மா கிடந்து ஆகாத சேதம் அந்த ‘ஒரே ஒரு தடவை’யில் ஆகிவிடும். காய்ந்த பேரிங் சுழல்தண்டான ஷாஃப்டைக் கீறும், ஈரம் ஏறிய வைண்டிங் (மோட்டாருக்குள் உள்ள செம்புக் கம்பிச் சுற்று) புகையும், தளர்ந்த கத்தி தெறிக்கும்.

அதனால் மின்சாரத்தை மறந்துவிட்டுக் கையில் தொடங்குங்கள். பெல்ட்டைக் கழற்றி, மோட்டாரைத் தனியாகவும் இயந்திரத்தைத் தனியாகவும் சுற்றிப் பாருங்கள். பெல்ட்டோடு சேர்த்துச் சுற்றினால் இறுக்கம் எந்தப் பக்கம் என்று தெரியாது. மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றும்போது ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கலாம். பேரிங் பந்துகள் நின்ற இடத்திலேயே துருவேறிக் குழி விழுந்திருக்கவும் கூடும். சுற்று முழுக்க ஒரே கனமாக இருந்தால் பெரும்பாலும் காய்ந்த கிரீஸ்தான். பயப்பட வேண்டாம்.

சுற்றவே மறுத்தால்தான் சோதனை. அப்போது சுத்தியலைத் தேடாதீர்கள். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. புல்லியின் விளிம்பில் ஓங்கி ஓர் அடி விழுந்தால் கையளவு துண்டு பெயர்ந்து வரும். அந்தப் புல்லிக்கு மாற்று கிடைக்காது. துரு இளக்கும் எண்ணெயை விட்டுவிட்டு மறுநாள் வாருங்கள், அதற்கு மறுநாளும் வாருங்கள். புல்லியைக் கழற்ற, இழுத்தெடுக்கும் கருவியான புல்லர் இருக்கிறது. அதற்கு முன், புல்லியை ஷாஃப்டோடு பிடித்திருக்கும் செட் ஸ்க்ரூவைத் தளர்த்தியாயிற்றா என்று பாருங்கள். ஒன்றைக் கழற்றிய பிறகு அதே ஓட்டைக்குள் இரண்டாவது ஸ்க்ரூ ஒளிந்திருப்பதும் உண்டு.

இன்னொரு பழைய கண்ணி, இடது மரை. வட்ட ரம்பத்தின் ஷாஃப்டிலும் பேண்ட் சாவின் சக்கரத்திலும், சுழலும் திசையைப் பொறுத்து, நட் எதிர்ப்பக்கமாகக் கழலும்படி அமைத்திருப்பார்கள். வழக்கமான பக்கம் பலம் கொண்ட மட்டும் திருகுபவர் நட்டைக் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருக்கிறார். துணியால் துடைத்து மரையின் சாய்வைப் பார்த்தால் போதும், எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

ஒயிட் மெட்டல் பேரிங்: அதிகம் கெடுக்கப்படும் இடம்

பழைய இயந்திரம் என்றால் உள்ளே பால் பேரிங் இருக்கும் என்று நினைத்துக்கொள்வதுதான் பல தவறுகளுக்கு வேர். 1839-இல் ஐசக் பாபிட் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வந்த ஒயிட் மெட்டல் பேரிங்குகள் 20-ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் மரவேலை இயந்திரங்களில் இருந்தன. வெள்ளீயம், ஆன்டிமனி, செம்பு கலந்த மெத்தென்ற உலோகத்தை உருக்கி ஊற்றி, ஷாஃப்ட் அதன்மேல் எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழலும்படி செய்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு போல்ட் போட்ட ஒரு மூடியும், மேலே எண்ணெய்க் கிண்ணமும் தெரியும். இதைப் பார்த்ததும் “பழைய காலத்து மட்டமான பேரிங், மாற்றிவிடலாம்” என்பவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், நல்ல நிலையில் உள்ள ஒயிட் மெட்டலை வெட்டியெறிந்து பால் பேரிங் பொருத்துவதைப் போல வீண் வேலை கிடையாது. எண்ணெய் மட்டும் ஒழுங்காகக் கிடைத்தால் அது சத்தமில்லாமல் பல பத்தாண்டுகள் ஓடும்.

அதைக் கெடுக்கும் வழிகள் நான்கைந்து உண்டு. எண்ணெய்க்கென்று அமைந்த கிண்ணத்தில் கிரீஸைத் திணிப்பது ஒன்று: கிரீஸ் உள்ளே இறங்காது, மேலே நிரம்பியிருப்பதைப் பார்த்து நாம் நிம்மதியாக இருப்போம், கீழே ஷாஃப்ட் உலர்ந்தே ஓடும். கேஸ் டார்ச் காட்டுவது இன்னொன்று. இந்த உலோகம் 240 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். இறுகிய நட்டுக்குக் காட்டிய தீ பேரிங்கை ஒழுகவைத்துவிடும். எம்ரி தாளால் உள்பக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது அதைவிட மோசம். அந்தப் பொடி மெத்தென்ற உலோகத்தில் புதைந்து உட்கார்ந்துகொண்டு, ஷாஃப்டை நாள் முழுக்க அரைக்கும்.

மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே காகித மெலிவில் ஷிம்கள் இருக்கும். கழற்றும்போது அவை கீழே விழுந்து, குப்பை என்று பெருக்கித் தள்ளப்படுவதும் நடக்கிறது. இடைவெளியைத் தீர்மானிப்பதே அந்தத் தகடுகள்தான். ஷாஃப்டின் விட்டத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி வேண்டும் என்பது பொதுக் கணக்கு; 25 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்கு 0.025 மில்லிமீட்டர். எனவே எந்த மூடி எந்தப் பக்கம், எந்த ஷிம் எந்த போல்ட்டுக்கு என்று குறித்து, தனித்தனி டப்பாவில் போடுங்கள். மண்ணெண்ணெயில் கழுவுங்கள். எண்ணெய் ஓடும் கால்வாய்களில் கறுத்த பிசின் அடைத்திருக்கும். மரக்குச்சியால் சுரண்டினால் சுருள் சுருளாக வரும். கிண்ணத்தின் அடியில் உள்ள ஃபெல்ட் திரி கல்லாகியிருந்தால் மாற்றுங்கள். உலோகத்தில் தெரியும் லேசான கீறல்களைக் கண்டு கலங்க வேண்டாம். ஷாஃப்ட் வழவழப்பாக இருக்கிறதா என்பதே முக்கியம்.

பால் பேரிங் என்றால் வேறு கதை. காய்ந்த மெழுகு மாதிரி இறுகிய பழைய கிரீஸின் மேல் கிரீஸ் கன்னால் புதிதாக ஏற்றினால் எதுவும் சரியாவதில்லை. இரண்டு வகை கிரீஸ் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் நீர்த்து ஒழுகவும் கூடும். நிறைய அடைத்தால் கடைந்து கடைந்தே சூடேறும். கழற்றிவிட்டால் விலை பார்க்காமல் புது பேரிங் போடுவதே நல்லது. மேலே எண் இருந்தால் வேலை சுலபம்: 6205 என்றால் உலகில் எங்கு வாங்கினாலும் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். பழைய அங்குல அளவு பேரிங்காக இருந்தால் வாங்கும் முன் அளந்துகொள்ளுங்கள். ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும் விசை விழ வேண்டும். வெளி வளையத்தைத் தட்டி ஏற்றினால் புது பேரிங் அங்கேயே பாழ்.

மோட்டார்

மோட்டாரின் பெயர்த்தகட்டைத் துடைத்துப் படிக்காமல் ஒயரைத் தொடாதீர்கள். வோல்ட், ஃபேஸ், ஹெர்ட்ஸ், வேகம் நான்கும் வேண்டும். 60 ஹெர்ட்ஸில் 1725 சுற்று ஓடும் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் சுமார் 1440 தான் ஓடும். அதே வோல்ட்டேஜ் கொடுத்தால் கூடுதல் கரன்ட் இழுத்துச் சூடும் ஏறும்.

அடுத்து மூடியைத் திறந்து பாருங்கள். எலிக்கூடு, குளவிக்கூடு, மரத்தூள் எல்லாம் இருக்கும். ரப்பர் உறை போட்ட பழைய ஒயர் தொட்டால் உதிரும். அசைக்காமல் விட்டால் அப்படியே இருக்கும், வளைத்துப் பார்த்தால் செம்பு வெளியே தெரியும். ஆகவே ஒயரை மாற்றும் முடிவோடு மட்டும் கை வையுங்கள். பிறகு 500 வோல்ட் மெக்கரால் (மின்கசிவுத் தடையை அளக்கும் கருவி) வைண்டிங்குக்கும் உடம்புக்கும் நடுவே அளவு பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மோட்டார் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் ஈரம்தான். ஒரு பெட்டிக்குள் குண்டு பல்பின் மிதமான சூட்டில் சில நாள் வைத்து மறுபடி அளந்தால் எண் ஏறியிருக்கும். ஏறாவிட்டால்தான் ரீவைண்டிங்.

சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ‘ம்ம்ம்’ என்று முனகிவிட்டுச் சுற்றாமல் நின்றால், கையால் தள்ளிவிட்டு ஓடவைக்கும் வித்தை பலருக்குத் தெரியும். அதைச் செய்யாதீர்கள். கெப்பாசிட்டர் வறண்டிருக்கும், அல்லது வேகம் பிடித்ததும் ஸ்டார்டிங் வைண்டிங்கைத் துண்டிக்க உள்ளே உள்ள சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் துருவில் ஒட்டியிருக்கும். சுவிட்ச் மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டால் ஸ்டார்டிங் வைண்டிங் துண்டிக்கப்படாமலே ஓடி, சில நிமிடங்களில் எரிந்துவிடும்.

த்ரீ ஃபேஸ் மோட்டாரை சிங்கிள் ஃபேஸில் ஓட்ட விஎஃப்டி (ஒரு ஃபேஸை மூன்றாக்கித் தரும் மின்னணுக் கருவி) வாங்குவது நல்ல யோசனைதான். ஆனால் 230 வோல்ட் உள்ளே போகும் சாதாரண விஎஃப்டி வெளியேயும் அதற்குமேல் தராது. 400 வோல்ட்டுக்கு ஸ்டாரில் (மூன்று வைண்டிங்கின் ஒரு முனையை ஒன்றாக முடிச்சிடும் இணைப்பு) கட்டிய மோட்டாரை டெல்டாவுக்கு (மூன்றையும் வளையமாகக் கோக்கும் இணைப்பு) மாற்றாமல் கொடுத்தால் சுமை விழுந்ததும் திணறும். வெளியே 3 ஒயர் மட்டும் வந்தால் ஸ்டார் முடிச்சு உள்ளே இருக்கிறது. அதைப் பிரித்தெடுப்பது ரீவைண்டிங் தெரிந்தவர் வேலை. இயந்திரத்தின் பழைய சுவிட்சை விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவே விட்டுவைக்கவும் கூடாது. ஓடும்போது அதை அணைத்தால் விஎஃப்டியே போய்விடலாம்.

மோட்டாரை மாற்றியே ஆக வேண்டும் என்றால் குதிரைத்திறனைவிட வேகத்தைப் பாருங்கள். 1440 இருந்த இடத்தில் 2880 போட்டு, பழைய புல்லியையே வைத்தால், சுழலும் வார்ப்பிரும்புச் சக்கரத்தைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை இரண்டல்ல, நான்கு மடங்காகும். இந்தக் கட்டுரையில் உயிரோடு விளையாடும் தவறு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அழகுபடுத்தும் ஆர்வம்

அவசரக்காரர் ஒரு பக்கம் என்றால், புதுசாக்கிவிட வேண்டும் என்று கடைசி ஸ்க்ரூ வரை பிரித்துப் போடுபவர் இன்னொரு பக்கம். பாதி இயந்திரங்கள் அப்படிப் பிரித்த டப்பாக்களிலேயே முடிந்துபோகின்றன. தேவையுள்ள இடத்தை மட்டும் பிரியுங்கள், பிரிப்பதற்கு முன் படம் எடுங்கள்.

மேசையின் துருவை கிரைண்டரால் எடுக்காதீர்கள்; பள்ளம் விழுந்தால் சமதளம் போயிற்று. மெல்லிய உரசுதாளை மரக்கட்டையில் சுற்றி, மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தால் போதும். சலவை சோடா கரைசலில் மின்சாரம் விட்டுத் துரு எடுப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை எதிர்முனையாக வைக்கக் கூடாது, நச்சான குரோமியம் கரைசலில் இறங்கும். அலுமினிய பாகங்களை அந்தத் தொட்டியில் போட்டால் அவையே அரிபடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர உரசினாலும் ஹீட் கன் காட்டினாலும் அது மூச்சில் போகும். நனைத்துச் சுரண்டுங்கள். பிரேக், கிளட்ச் லைனிங்கின் தூசியைக் கம்ப்ரஸரால் ஊதுவதும் வேண்டாம், அதில் கல்நார் இருக்க வாய்ப்புண்டு.

கத்திகளுக்கு வருவோம். பிளேனரில் கத்திகளைத் தாங்கிச் சுழலும் கட்டர் பிளாக் சதுரமாக இருந்தால், அது வட்ட பிளாக் வருவதற்கு முந்தையது. கை உள்ளே போனால் ஆழமாக எடுத்துவிடும். சாமான் சேகரிப்பில் வைக்கலாம், ஓட்டாதீர்கள். வட்ட பிளாக்கிலும் கத்தியைப் பிடிக்கும் போல்ட்டுகள் பல முறை இறுக்கி நீண்டிருக்கும், புதிது போடுங்கள். பேண்ட் சா சக்கரத்தின் ரப்பர் டயர் நகத்தால் அழுத்தினால் பதியாமல் வெடித்திருந்தால், பிளேடு நேராக ஓடாது. ஜோடியாக ஓடும் வி பெல்ட்டுகளில் ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதே மொத்த இழுப்பையும் தாங்க வேண்டியிருக்கும்.

முதல் ஓட்டம் பிளேடும் கத்தியும் இல்லாமல். சுழலும் தளத்துக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நின்று, ஒரு நொடி போட்டு அணையுங்கள். த்ரீ ஃபேஸில் திசை தப்பாக இருந்தால் ஏதேனும் இரண்டு ஒயரை மாற்றினால் சரி; பார்க்காமல் ரம்பத்தை மாட்டினால் நட் தானே கழலும். திசை சரியென்றால் ஐந்து நிமிடம் ஓட்டி, அணைத்து, நின்ற பிறகு பேரிங் மூடிமேல் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு சரி. கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் மூடி இறுக்கம், அல்லது எண்ணெய் இறங்கவில்லை. ஒயிட் மெட்டலிலிருந்து முதலில் வரும் எண்ணெய் கறுப்பாகத்தான் இருக்கும்; தெளியும் வரை விட்டுக்கொண்டே இருங்கள். அரை மணி ஓட்டியபின் புல்லி ஸ்க்ரூக்களை மறுபடி இறுக்கி, மின்சாரம் போய் வந்தால் தானே ஓடாத சுவிட்சும் காவல் மூடியும் பொருத்திய பிறகு பிளேடை எடுக்கலாம்.