பிள்ளை ஆடும்போது நாம் எங்கே உட்கார வேண்டும், எப்போது பேச வேண்டும்

என் மகள் 9 வயதில் பேட்மின்டன் ஆடத் தொடங்கினாள். இப்போது அவளுக்கு 14. இந்த ஐந்து வருடத்தில் அவள் கற்றுக்கொண்டதை அவளுடைய கோச்தான் சொல்ல வேண்டும். நான் கற்றுக்கொண்டதை மட்டும் இங்கே எழுதுகிறேன், உங்கள் பிள்ளை இப்போதுதான் விளையாட்டில் இறங்கியிருக்கிறது என்றால் உதவும்.

முதலில் உங்கள் முகத்தைக் கவனியுங்கள். மகளுக்கு 11 வயதில் ஒரு போட்டி. மூன்றாவது, கடைசி கேம். அவள் 19, எதிரில் ஆடும் பெண் 20, சர்வீஸ் அவளுடையது. ஷட்டில் நேராக வலையில் போய் விழுந்தது, ஆட்டம் முடிந்துவிட்டது. அன்று ராத்திரி இன்னொரு பிள்ளையின் அப்பா மொபைலில் எடுத்த வீடியோவை அனுப்பியிருந்தார். அந்த சர்வீஸில் என்ன தப்பு என்று பார்க்கத்தான் திறந்தேன், ஆனால் கண்ணில் பட்டது வேறு. ஒவ்வொரு பாயின்ட் போனதும் அவள் தலை பார்வையாளர் கேலரி பக்கம் திரும்புகிறது. அங்கே நான், நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை உதட்டைக் கடிக்கிறேன், ஒரு தடவை பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லித் தலையாட்டுகிறேன். எதிரே நிற்கும் பெண்ணோடும் ஆடி, என் முகத்தோடும் ஆடியிருக்கிறாள் பாவம். அதை இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது.

அன்றிலிருந்து இடத்தை மாற்றினேன். கோர்ட்டுக்கு நேர் பின்னால் உட்காராமல், பக்கவாட்டில், அவள் சட்டென்று திரும்பினால் பார்வையில் படாத இடத்தில் உட்காருகிறேன். கையை மடியில் வைத்துக்கொள்வேன். நல்ல ஷாட் யார் அடித்தாலும் தட்டுவேன், எதிரில் ஆடும் பிள்ளை அடித்தாலும் சரி. "பின்னாடி போ", "கிராஸ் அடி" என்றெல்லாம் கத்துவதை அடியோடு நிறுத்திவிட்டேன். ஒரு பக்கம் கோச் சொன்னது மண்டையில் ஓடும், இன்னொரு பக்கம் நாம் கத்துவது காதில் விழும், நடுவில் ஷட்டில் வேறு வரும், ஒரு குழந்தை எதைத்தான் கேட்கும்? ஒருவர் 11 பாயின்ட் எட்டியதும் 60 விநாடி இடைவெளி, கேமுக்கும் கேமுக்கும் நடுவே 120 விநாடி. அந்த நேரம் கோச்சுக்கு உரியது, நாம் எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

அடுத்தது வீடு திரும்பும் பயணம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. வண்டியில் ஏறியதும் ஆட்டத்தை அலச வேண்டும் என்று நாக்கு துடிக்கும். வேண்டாம். அவர்களாகப் பேச்சை எடுக்கும்வரை "தண்ணி குடிச்சியா", "கால் வலிக்குதா" என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பாட்டு கேட்டால் போட்டுவிடுங்கள். ஒரு நாள் இருபது நிமிடம் சத்தமே இல்லாமல் வந்தவள், ஜன்னலைப் பார்த்தபடியே, "அம்மா, சர்வ் போடும்போது எனக்கு கை நடுங்குது" என்றாள். அந்த 19-20 ஆட்டம் முடிந்து ஒரு வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது! அத்தனை நாளும் பயிற்சி போதவில்லை என்று நானாக முடிவு செய்து, கூடுதலாக இருநூறு சர்வ் போடச் சொல்லிக்கொண்டிருந்தேன். பயந்துபோன பிள்ளைக்கு அதுவா மருந்து?

கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்றால் "ஏன்" என்று ஆரம்பிக்காதீர்கள். "ஏன் அதை விட்ட" என்பது நமக்குக் கேள்வி, பிள்ளைக்குக் குற்றச்சாட்டு. "இன்னைக்கு எந்த ராலி பிடிச்சுது?" (ஷட்டில் விழும்வரை மாறி மாறி அடிப்பதுதான் ராலி) என்று கேட்டுப் பாருங்கள், தோற்ற நாளிலும் ஒன்று சொல்வார்கள்.

பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடும் பழக்கம் இருந்தால், வயதுப் பிரிவு எப்படி வகுக்கப்படுகிறது என்று ஒரு தடவை பாருங்கள். ஜனவரி 1 கணக்கு என்றால் ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். 10 வயதில் பதினோரு மாத வித்தியாசம் சின்னதா? கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை வைத்து 1985-ல் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது, தேர்வானவர்களில் வருடத்தின் முதல் சில மாதங்களில் பிறந்தவர்கள் அதிகம். மூத்த பிள்ளை கொஞ்சம் உயரமாக இருக்கிறது, அதனால் தேர்வாகிறது, தேர்வானதால் நல்ல பயிற்சியும் அதற்கே கிடைக்கிறது. போதாததற்கு, பெண் பிள்ளைகள் 12 வயது வாக்கிலும் பையன்கள் 14 வயது வாக்கிலும் திடீரென்று வளருவார்கள். கை கால் நீண்டுவிட்டதால் நேற்று வரை சுலபமாக அடித்த ஷாட்கூடச் சில மாதம் தடுமாறலாம். அந்தச் சமயத்தில் "முன்ன நல்லா ஆடினியே" என்று சொல்லிவிடாதீர்கள்.

வலி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு மற்ற இடத்தைவிட மென்மையானது. முழங்கால் சில்லுக்குக் கீழேயோ குதிகாலிலோ வலி தொடர்ந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடச் சொல்லாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2016-ல் சொன்ன அளவு இது: வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு நாள் அந்த விளையாட்டுக்கு லீவு, வருடத்தில் மொத்தம் மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்து, அதிலிருந்து ஓய்வு. அந்த நாட்களில் நீந்தலாம், சைக்கிள் ஓட்டலாம், சும்மா தெருவில் ஓடலாம். நாங்கள் முதல் தடவை ஒரு மாதம் நிறுத்தியபோது எல்லாம் போய்விடுமோ என்று நான்தான் பயந்தேன், அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

கோச்சிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்றால் போட்டி நடக்கும் நாளில் கேட்காதீர்கள். 12 வயதுக்கு மேல் என்றால் முதலில் பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள்.

"இனிமேல் போகமாட்டேன்" என்று ஒரு நாள் சொல்வார்கள். தோற்ற அன்றைக்குச் சொன்னால் இரண்டு வாரம் பொறுங்கள், பெயர் கொடுத்த போட்டியை முடித்துவிட்டுப் பேசலாம். ஆனால் அங்கே இருக்கும் ஒரு ஆளைப் பார்த்துப் பயப்படுவது போலத் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அன்றைக்கே உட்கார்ந்து கேளுங்கள், சொல்வதை நம்புங்கள். விளையாட்டே அலுத்துவிட்டது என்றால் விட்டுவிடட்டும். "உனக்காக எவ்வளவு செலவு பண்ணேன்" என்ற வார்த்தை மட்டும் வாயில் வரக் கூடாது. அந்த வயதில் அதைத் திருப்பித் தர அவர்களிடம் பதக்கம் தவிர வேறென்ன இருக்கிறது?

கடைசியாக ஒன்று. அவர்களுடைய ஆட்டத்தில் உங்கள் கைக்கும் ஒரு சின்ன வேலை தேடிக்கொள்ளுங்கள். ராக்கெட் கிரிப் நைந்துபோனால் இப்போது இரண்டு பேரும் தரையில் உட்காருவோம். ராக்கெட்டின் தலையை நான் பிடித்து மெதுவாகத் திருப்புவேன், அவள் கிரிப்பை இழுத்துப் பிடித்து அடியிலிருந்து மேலாகச் சுற்றிக்கொண்டே வருவாள். பார்வை கிரிப்பிலேயே இருக்கும், வாய் மட்டும் பேசிக்கொண்டிருக்கும். பள்ளி, தோழி, அடுத்த வாரம் எதிரில் வரப்போகிற இடதுகைக்காரப் பெண் என்று எல்லாம் வரும். நான் திருப்புவதை நிறுத்தினால், "அம்மா, விடாத, இன்னும் ரெண்டு சுத்து இருக்கு" என்பாள்.