விசையைத் தருவது எது? இயக்க விதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூட்டனின் மூன்று விதிகளையும் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவர்கள்கூடக் கணக்கில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். படத்தில் விசைக்கு அம்புக்குறி போடுகிறார்கள். அந்த விசையை எந்தப் பொருள் தருகிறது என்று கேட்பதில்லை.

மேல்நோக்கி எறிந்த பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏறிக்கொண்டிருக்கும்போது மேல்நோக்கி ஒரு விசை வரைவார்கள். கையை விட்டு நீங்கிய பந்தை எது தள்ளும்? காற்றின் தடையை விட்டுவிட்டால், அதன் மீது செயல்படுவது கீழ்நோக்கிய புவியீர்ப்பு மட்டுமே. உச்சியில் திசைவேகம் சுழியாகும் கணத்திலும் முடுக்கம் 9.8 மீ/வி²தான். இயக்கம் நீடிக்க விசை வேண்டும் என்பது அரிஸ்டாட்டில் காலத்து எண்ணம். கலிலியோ சாய்தளத்தில் உருண்டைகளை உருட்டி அதை அசைத்தார்; 1687இல் நியூட்டன் முதல் விதியாக அதற்கு முடிவு கட்டினார். அத்தனை நூற்றாண்டுகள் நிலைத்த எண்ணம் ஒரு மாணவரிடம் தலைகாட்டுவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

அதிக மதிப்பெண்ணைப் பறிப்பது உராய்வு. 10 கிலோகிராம் பெட்டி சமதளத் தரையில் இருக்கிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² என்று கொண்டால் எடை 100 நியூட்டன்; அதைக் குணகத்தால் பெருக்கினால் உராய்வின் உச்ச அளவு 50 நியூட்டன். பெட்டியைக் கிடைமட்டமாக 20 நியூட்டன் விசையால் தள்ளினால் உராய்வு எவ்வளவு? பலர் 50 என்று எழுதுகிறார்கள். அது சரியானால், தள்ளியவரை நோக்கியே பெட்டி நகர்ந்து வர வேண்டும்! பெட்டி அசையவில்லை, ஆகவே உராய்வு 20 நியூட்டன். 50 என்பது எல்லை மட்டுமே. வாய்பாட்டில் மதிப்பைப் பொருத்துமுன் பொருள் நழுவுகிறதா என்று பாருங்கள்.

உராய்வு எப்போதும் இயக்கத்தைத் தடுக்கும் என்பதும் தவறு. அது தடுப்பது, தொடும் பரப்புகள் ஒன்றன் மீது ஒன்று வழுக்குவதை. நடக்கும்போது பாதம் தரையைப் பின்னால் தள்ள, தரையின் உராய்வுதான் நம்மை முன்னே செலுத்துகிறது.

செங்குத்து விசையை, அதாவது தளம் தன் மீதுள்ள பொருளைத் தன் பரப்புக்குச் செங்குத்தாகத் தள்ளும் விசையை, எப்போதும் எடைக்குச் சமமாக எழுதாதீர்கள். 60 பாகைச் சாய்தளத்தில் அது எடையில் பாதிதான்.

மேசை மீதுள்ள புத்தகத்தின் எடையும் மேசை தரும் செங்குத்து விசையும் மூன்றாம் விதி சொல்லும் செயல்–எதிர்ச்செயல் இணை அல்ல; அந்த இணை, இரு பொருள்கள் ஒன்றன் மீது ஒன்று தரும் சமமான, எதிரெதிர்த் திசை விசைகள். எடையும் செங்குத்து விசையுமோ ஒரே புத்தகத்தின் மீது செயல்படுகின்றன. எடைக்கு இணை, புத்தகம் பூமியை இழுக்கும் விசை. ஐயமிருந்தால் அந்த மேசையை லிஃப்டில் வையுங்கள். மேல்நோக்கி முடுக்கும்போது செங்குத்து விசை எடையை மிஞ்சிவிடும். மூன்றாம் விதியின் இணை விசைகள் ஒருபோதும் அப்படி வேறுபடுவதில்லை.