மடிக்கணினி தொலைந்தாலும் கோப்புகளைப் பிறர் படிக்காமல் இருக்க

விண்டோஸில் நுழையும்போது கேட்கும் கடவுச்சொல் மட்டும் உங்கள் கோப்புகளைக் காக்காது. கோப்புகள் சேமிக்கப்படும் வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தால், குறியாக்கம் (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது) செய்யாத படங்களும் வங்கி ஆவணங்களும் அப்படியே திறக்கும். எனவே முழு வட்டையும் குறியாக்கம் செய்துவிடுங்கள். விண்டோஸ் புரோ பதிப்பில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ் ஆகிய குறியாக்க வசதிகள் இருக்கின்றன. பென்டிரைவுக்கு நான் வெராகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். இலவசம், மூல நிரலும் வெளிப்படையானது. 2014இல் கைவிடப்பட்ட ட்ரூகிரிப்ட் என்ற பழைய குறியாக்க மென்பொருளை இனியும் வைத்திருக்க வேண்டாம்.

பூட்டு எவ்வளவு உறுதியானாலும் சாவி, அதாவது குறியாக்கத்துக்கு நீங்கள் வைக்கும் கடவுச்சொல், மெலிந்ததாக இருந்தால் பயனில்லை. பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டவே வேண்டாம். பிடித்த குறளும் வேண்டாம்; இருப்பதே 1330 குறள்கள்தான், கணினி சிறிது நேரத்தில் அத்தனையையும் முயன்றுவிடும். நல்ல கடவுச்சொல்லுக்கு, தாயக்கட்டைக்குப் பதில் ஆறுமுகப் பகடையை எடுங்கள். ஐந்து முறை உருட்டினால், 4-1-6-2-3 என்பதுபோல் ஓர் எண் கிடைக்கும். டைஸ்வேர் என்பது ஒவ்வொரு பகடை எண்ணுக்கும் ஒரு சொல் தரும் பட்டியல்; அதில் அந்த எண்ணுக்கு எதிரே உள்ள சொல்தான் உங்களுடையது. பட்டியலில் 7776 சொற்கள். இப்படி ஆறு சொற்கள் எடுங்கள்; அவை சேர்ந்ததே உங்கள் கடவுச்சொல். பிடிக்காத சொல்லை மாற்றாதீர்கள். தற்செயல்தான் இதன் பலம்.

முதல் வாரம் தினமும் தட்டச்சு செய்தால் விரல்களுக்குப் பழகிவிடும். கடவுச்சொல் மறந்தால் வட்டைத் திறக்க உதவும் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி, கணினிப் பையில் அல்லாமல், வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.