பின்னால் இருப்பதெல்லாம் பேங்கர் இன்ஜின் இல்லை

ராமேஸ்வரத்தில் வந்து நின்ற ரயிலின் பின்பக்கம் ஒரு இன்ஜினை மாட்டினால் போதும், "பாம்பன் பாலம் ஏற ரெண்டு இன்ஜின் வேணும்போல" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். மண்டபம் டீக்கடையில் இதை எத்தனையோ முறை கேட்டாயிற்று. தண்டவாளம் ராமேஸ்வரத்தோடு முடிகிறது. திரும்பிப் போக மறுமுனையில் இன்ஜின் வேண்டும், அவ்வளவுதான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் பழையதைவிட 3 மீட்டர்தான் உயரம். அங்கே ரயிலை நிறுத்தி வைப்பது காற்று, ஏற்றம் இல்லை.

பேங்கர் என்பது மலை ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ளும் கூடுதல் இன்ஜின். மும்பை – புனே பாதையில் கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் நடுவே 37 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் ஏற்றம். நமக்குப் பக்கம் என்றால் செங்கோட்டை – புனலூர் மலைப்பாதை.

"பலம் போதாதென்றால் முன்னாலேயே இன்னொன்றைக் கட்டலாமே?" இது அடுத்த தவறு. வள்ளத்தை மணலில் கரையேற்றுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். எல்லோரும் முன்கயிற்றையே பிடித்து இழுத்தால் கயிறு அறுந்துவிடும். அதனால்தான் நாலு பேர் பின்னால் போய்த் தோள் கொடுப்பார்கள். ரயிலில் அந்தக் கயிறு, முதல் பெட்டியை இன்ஜினோடு பிணைக்கும் கப்ளிங். ஏற்றத்தில் மொத்த ரயிலின் பாரமும் அதில்தான் தொங்கும். பின்னாலிருந்து தள்ளினால் அந்த இழுவை குறையும். அப்புறம், ஏற்றத்தில் கப்ளிங் அறுந்தாலும் பெட்டிகள் பின்னோக்கி உருளாமல் கீழ்ப்பக்கம் ஒரு இன்ஜின் காவலுக்கு நிற்கும்.

ஏறும்போது மட்டும்தான் வேலை என்றும் நினைக்க வேண்டாம். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் குகை வரைதான் ஏற்றம். பிறகு புனலூர் வரை இறக்கம். அங்கே பின் இன்ஜின் ரயிலைப் பிடித்து நிறுத்தவும் உதவுகிறது.

பேங்கருக்கு ஊட்டி ரயிலை உதாரணம் காட்டுவதும் சரியில்லை. குன்னூருக்கு ஏறும்போது பின்னால் தள்ளுவது அதன் ஒரே இன்ஜின்.

செங்கோட்டையில் பேங்கர் மாட்டும் நேரத்தில் கடைசிப் பெட்டி வாசலில் தொங்கிக்கொண்டு செல்பி எடுக்காதீர்கள். 'டங்' என்று ஒரு இடி வரும். என் சித்தப்பா உட்கார்ந்த இடத்திலேயே சூடான டீயை வேட்டியில் ஊற்றிக்கொண்டார்.